தற்காலிகக் குடிமகன்

அந்தத் தெருவில் ஒரு வடிகால் இருந்தது. நகரசபைக்கு அதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை. தெருவில் குடியிருந்தவர்களுக்குத்தான் அதைக் கண்ணால் காணும் பாக்கியம் கிடைக்கவில்லை.

வடிகாலுக்கு வரி இருந்தது. முதலில் வடிகால் வரி என்று வந்தது. பிறகு வடிகால் பராமரிப்பு வரி. போன வருடம் வடிகால் அழகூட்டும் வரி என்று இன்னொன்றும் வந்து சேர்ந்துகொண்டது. எல்லாவற்றையும் மெத்தைக்காரர் முணுமுணுக்காமல் கட்டிவந்தார். அவருடைய மெத்தைக் கடை தெருவின் பள்ளமான முனையில், படி இறங்கி உள்ளே போகும்படி இருந்தது. மழை பெய்தால் தண்ணீரும் அதே படியில் இறங்கி வரும். வாடிக்கையாளர் மாதிரி கடையைச் சுற்றிப் பார்க்கும். எதையும் வாங்காது. ஆனால் போகவும் போகாது.

போன மழையில் தலையணைகள் வாத்துகளைப் போல வரிசையாக வாசலை நோக்கி நீந்தின. மெத்தைக்காரர் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிழிந்தார். பஞ்சு ஒரு முறை நனைந்தால் அதன் மனது மாறிவிடும். காய வைத்தாலும் கட்டிகட்டியாகத்தான் இருக்கும். அதில் படுத்தவர்களுக்குக் கனவிலும் கல் குத்தும்.

இந்த வருடம் நிலைமை இன்னும் மோசம். ஊரின் பெரிய மருத்துவமனை ஒன்று தன் கட்டில்கள் எல்லாவற்றுக்கும் மெத்தை கேட்டிருந்தது. அவர் ஆயுளில் அப்படியொரு வேலை வந்ததில்லை. கடன் வாங்கிப் பஞ்சை வாங்கி, கூரை வரைக்கும் அடுக்கிவிட்டார். மறுநாளிலிருந்து வானம் இருட்டத் தொடங்கியது.

மெத்தையின் ஓரம் தைப்பது அவர் மனைவியின் வேலை. நீளமான ஊசியைப் பல்லில் கவ்விக்கொண்டே பேசக்கூடியவர். அதனால் அவர் சொல்லும் எதற்கும் ஒரு கூர்மை இருந்தது.

"என்னங்க, வானத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பஞ்சைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ரெண்டையும் சேத்துப் பாத்தீங்களா?"

மெத்தைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"இந்தத் தடவை நனைஞ்சா கடையை எழுதிக் குடுத்துட்டு, நாம ரெண்டு பேரும் அந்த ஆஸ்பத்திரியிலயே போய்ப் படுத்துக்க வேண்டியதுதான். மெத்தைகூட இருக்காது. போங்க. நகரசபைக்குப் போய், எங்க வடிகால் எங்க இருக்குன்னு கேட்டுட்டு வாங்க."

"எனக்கு அங்கெல்லாம் பேச வராதே."

"பேச வேண்டாம். கேளுங்க, போதும்."

நகரசபைக் கட்டடம் குளுகுளுவென்று இருந்தது. தரை அப்படிப் பளபளத்தது. மெத்தைக்காரர் தன் உருவத்தின் மேலேயே கால் வைத்து நடக்க வேண்டியிருந்தது. விசாரணைச் சன்னலில் இருந்த பெண் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள்.

"வடிகால் எங்கன்னா? அந்தக் கேள்வி கேட்டாச்சே சார்."

"யாருங்க கேட்டது?"

"குடிமகன்தான். போன வருஷமே கேட்டுட்டாரு. பதிலும் சொல்லியாச்சு."

"எந்தக் குடிமகன்?"

"நம்ம குடிமகன் சார். நேராப் போங்க. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து மேஜை."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உண்மையாகவே ஒரு மேஜை இருந்தது. அதன்மேல் 'குடிமகன்' என்று பித்தளைப் பலகை. பின்னால், நடுவயதைத் தாண்டிய ஒருவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அவர் சட்டையின் காலர் கிழிந்திருந்தது. சாதாரணமாகக் கிழிந்ததல்ல; நகரசபைத் தையலறையில் அளவெடுத்துக் கிழிக்கப்பட்டது. செருப்பின் வாரில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. ஊக்கிலும் நகரசபை முத்திரை.

"உக்காருங்க தம்பி. வெளியிலேருந்து வர்றீங்களா?" என்றார் குடிமகன். "பாத்தாலே தெரியுது. நல்லா அலுத்துப்போன முகம். எங்களுக்கு அதை வரவழைக்கறதுக்கே ரெண்டு மாசப் பயிற்சி."

"நீங்க... இங்க வேலை பாக்கறீங்களா?"

"குடிமகனா வேலை பாக்கறேன். வருஷத்துக்கு ஒரு தடவை நகரசபை தன் வரவு செலவை ஒரு குடிமகன் முன்னாடி வெச்சு, அவன் கேக்கறதுக்குப் பதில் சொல்லணும். அது சட்டம். ஆரம்பத்துல ஊருக்குள்ள இருந்துதான் ஆளுங்களைக் கூப்பிட்டாங்க. வந்தவங்களுக்கு அனுபவம் பத்தல. ரோடு போட்ட காசு எங்கன்னு கேப்பான் ஒருத்தன், விளக்கு ஏன் எரியலன்னு கேப்பான் இன்னொருத்தன். ஒரு ஒழுங்கே இல்ல. அதான் பணியிடம் உருவாக்கிட்டாங்க."

"அப்போ எங்க சார்பா நீங்க கேக்கறீங்க."

"கேட்டுட்டிருந்தேன்." குடிமகன் பென்சில் தூளை ஊதினார். முகத்தில் வெட்கம் கலந்த பெருமை. "இன்னைக்குக் காலையில பதவி உயர்வு வந்துடுச்சு. நாளையிலேருந்து நான் பொதுமக்கள்."

"நீங்க ஒருத்தர்தானே?"

"ஒருத்தர்தான். ஆனா பதவி பெருசு. கேள்வி கேக்கற தொல்லையெல்லாம் கிடையாது. கை தட்டினா போதும். இதுக்கு மேல மக்கள் திரள்னு ஒண்ணு இருக்கு. அந்த இடம் ரொம்ப நாளா காலி. கொஞ்சம் உடம்பு வெச்ச ஆளாத் தேடறாங்க."

அப்போது கணக்கு அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்தார். ஒல்லியான மனிதர், ஓடும்போதுகூடத் தீர்மானம் வாசிப்பதைப் போலவே இருந்தார்.

"கெட்டது போங்க! கணக்குக் காட்டற நாள் நெருங்கிடுச்சு. உங்களுக்கு உயர்வு குடுத்துட்டாங்க. இப்போ நம்மகிட்ட ஒரு குடிமகன்கூட இல்லை!" என்றவர் மெத்தைக்காரரைப் பார்த்ததும் நின்றார். அவரைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தார். "இது யாரு?"

"வரி கட்டறவன்தாங்க" என்றார் மெத்தைக்காரர்.

"அது கூடுதல் தகுதி. கட்டாயமில்லை. வாங்க, தலைவரைப் பாப்போம்."

நகரசபைத் தலைவர் பெரிய உருவம்; அதைவிடப் பெரிய குரல். நல்ல மனிதர்தான். அவருக்கு யார்மீதும் கோபம் வராது, எதன்மீதும் சந்தேகமும் வராது. மெத்தைக்காரரின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் அப்பாவியா முகத்தை வெச்சுக்கோங்க."

"இது எப்பவும் இருக்கற முகம்தாங்க."

"அபாரம்! பயிற்சியே வேண்டாம்யா!" தலைவர் கண்கலங்கினார். "எனக்குக் கேள்விங்கன்னா உயிரு, தம்பி. பதில் ஏற்கெனவே தெரிஞ்ச கேள்விங்கன்னா இன்னும் உயிரு. இவரைத் தற்காலிகக் குடிமகனாப் போட்டுடுங்க."

மெத்தைக்காரர் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அவர் மனைவி வாயிலிருந்த ஊசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அது அரிதாக நடப்பது.

"குடிமகன் வேலையா? அப்போ இத்தனை நாளா நீங்க என்னவா இருந்தீங்க?"

"அது சும்மா இருந்ததாம். இது சம்பளத்தோட."

"சரி. வடிகால் எங்கன்னு கேட்டீங்களா?"

"அதைத்தான் கூட்டத்துல கேக்கப் போறேன். அதுக்குத்தானே வேலைக்கே எடுத்திருக்காங்க."

மனைவி ஊசியில் நூலைக் கோத்தார். "உங்களைக் கட்டிக்கிட்டதுல எனக்கு ஒரு சந்தோஷம் என்னன்னா, எதைச் சொன்னாலும் நம்பிடுவீங்க" என்று சொல்லிவிட்டு ஊசியை மறுபடியும் கவ்விக்கொண்டார்.

ஒத்திகை தடபுடலாக நடந்தது. மெத்தைக்காரருக்கும் காலர் கிழித்தார்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கணக்கு அதிகாரி சொல்லிக்கொடுத்தார்: "இவ்வளவு குறைந்த வரியில் இவ்வளவு நிறைந்த சேவையைத் தங்களால் எப்படித் தாங்கிக்கொள்ள முடிகிறது?" தலைவர் பதில் சொல்லாமல் தலையை மட்டும் தாழ்த்துவார். அந்தத் தாழ்த்தலைத் தலைவர் கண்ணாடி முன்னால் தனியாகப் பழகிக்கொண்டிருந்தார்.

"கடைசியா, எல்லாம் முடிஞ்சதும் நீங்க எழுந்து நின்னு 'திருப்தி'ன்னு சொல்லணும்" என்றார் கணக்கு அதிகாரி. "அந்த வார்த்தையைக் கேட்டாத்தான் கதவுக்காரர் கதவைத் திறப்பார். கூட்டமும் சட்டப்படி அப்பத்தான் முடியும்."

"சொல்லலைன்னா?"

கணக்கு அதிகாரி சிரித்தார். நகரசபையை உருவாக்கிய முன்னோர்களில் யாரோ ஒருவர், வெயில் தலைக்கேறிய ஏதோ ஒரு நாளில், இப்படியொரு விதியை எழுதிவைத்துவிட்டார். குடிமகன் திருப்தி என்று சொல்லும்வரை சபையில் இருக்கும் யாரும் சபையை விட்டுப் போகக் கூடாது. கூட்டம் முறைப்படி முடியாவிட்டால் செலவுகள் செல்லாது; செலவுகள் செல்லாவிட்டால் தலைவர் முதல் கதவுக்காரர் வரை ஒருவருக்கும் சம்பளம் இல்லை. யாரும் இந்த விதியை மாற்ற நினைக்கவில்லை. பழைய குடிமகன் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே திருப்தி அடைந்துவிடுவார். அவரைத் தடுத்து உட்காரவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த நாளும் வந்தது. பெரிய மண்டபத்தில் வரிசை வரிசையாக நகரசபை ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையின் நடுவில் தனியாக, 'பொதுமக்கள்' என்று எழுதிய நாற்காலியில், பழைய குடிமகன் புதுச் சட்டையில் வீற்றிருந்தார். கதவுக்காரர் கதவைச் சாத்தித் தாழிட்டார். வெளியே எங்கோ ஒரு இடி உருண்டது. தலைவர் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"அன்பானவர்களே! இந்த நகரசபை ஒரு திறந்த வீடு. எங்களிடம் ஒளிவுமறைவு இல்லை. ஏனென்றால், ஒளித்துவைக்கும் அளவுக்கு எதையும் நாங்கள் மிச்சம் வைத்ததில்லை!"

பொதுமக்கள் கை தட்டினார்.

"மக்களின் பணத்தை எங்கள் பணமாகவே நினைக்கிறோம். ஒரு நாளும் வேற்றுமை பாராட்டியதில்லை!"

பொதுமக்கள் எழுந்து நின்று தட்டினார்.

"இப்போது நம் குடிமகன் கேட்பார். எதை வேண்டுமானாலும் கேட்பார்!"

மெத்தைக்காரர் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். சொல்லிக்கொடுத்த கேள்வி 'இவ்வளவு' என்று தொடங்கும் என்பது நினைவிருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே வரவில்லை. மனதில் இருந்தது தானாகவே வாய்க்கு வந்துவிட்டது.

"எங்க தெரு வடிகால் எங்கங்க இருக்கு?"

பழக்கதோஷத்தில் பொதுமக்கள் மட்டும் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கையை அப்படியே நிறுத்தினார்.

தலைவர் ஒருவர்தான் கலங்கவில்லை. "நல்ல கேள்வி!" என்று முழங்கினார். "கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்! கணக்கு அதிகாரி பதில் சொல்வார். எனக்கும் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது."

கணக்கு அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"மேற்படி வடிகால் திட்ட அளவில் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. மண் அளவில் மட்டும் பாக்கி. பராமரிப்பைப் பொறுத்தவரை, இந்த ஊரிலேயே ஒரு விரிசல்கூட விழாத வடிகால் அது ஒன்றுதான். போன வருடம் தூர்வாரப் போனபோது ஒரு துரும்புகூடக் கிடைக்கவில்லை, அவ்வளவு சுத்தம். இந்த வருட வடிகால் நிதி, மக்கள் கேள்வி கேட்கும் உரிமைக்காகச் செலவிடப்பட்டது. குடிமகனுக்குச் சம்பளம், குடிமகனுக்கு நாற்காலி, காலர் கிழித்த கூலி, இந்த ஒலிபெருக்கி. ஆகவே, வடிகால் பணம் எங்கே என்றால், அது இப்போது எங்கள் முன்னால் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது."

கரவொலி மண்டபத்தைப் பிளந்தது. இவ்வளவு தெளிவான பதிலை அவர்கள் தங்களிடமிருந்தே எதிர்பார்த்திருக்கவில்லை. தலைவர் கணக்கு அதிகாரியைக் கட்டிப்பிடித்துவிட்டு மெத்தைக்காரரைப் பார்த்தார். கதவுக்காரர் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

மெத்தைக்காரர் யோசித்தார். தன் உள்ளே கொஞ்சம் தேடியும் பார்த்தார்.

"இல்லைங்க" என்றார்.

"என்ன இல்லை?"

"நீங்க சொன்னது. அது இன்னும் வரலைங்க."

அவர் அடம்பிடிக்கவில்லை. பாவம், அவருக்கு அடம்பிடிக்கவும் தெரியாது. அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அது உள்ளே இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான்.

"கொண்டுவாங்கய்யா அந்த நல்ல நாற்காலியை!" என்று தலைவர் கத்தினார். தன் சொந்த நாற்காலியில் மெத்தைக்காரரை உட்காரவைத்தார். "இப்போ?"

மெத்தைக்காரர் எழுந்து, இருக்கையை விரலால் அமுக்கிப் பார்த்தார். "உள்ள வெச்சது பழைய பஞ்சுங்க. நல்லா ஏமாத்தியிருக்காங்க. இதுல உக்காந்தா இடுப்பு வலிக்குமே?"

"இத்தனை வருஷமா வலிக்குது!" என்ற தலைவர், அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்க விரும்பாமல் பிஸ்கட் கொண்டுவரச் சொன்னார்.

பிஸ்கட் வந்தது. பிறகு, அங்கேயே எவருடைய சட்டையிலிருந்தோ கழற்றி, ஒரு பதக்கம் குத்தினார்கள். குடிமகனின் பொறுமையைப் பாராட்டி ஓர் ஊழியர் கவிதை வாசித்தார். அது நீளமாக இருந்ததால் பொறுமையும் கூடவே தேவைப்பட்டது. மெத்தைக்காரரின் தெருவுக்கு 'வடிகால் தெரு' என்று பெயர் சூட்டும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"இப்பவாவது?"

"சந்தோஷமா இருக்குங்க" என்றார் மெத்தைக்காரர் உண்மையாக. "ஆனா திருப்தி வேற மாதிரி இருக்கும்னு நினைக்கறேன்."

கணக்கு அதிகாரி பாய்ந்து பொதுமக்களின் தோளைப் பிடித்தார். "நீங்க சொல்லுங்களேன்! எத்தனை வருஷமாச் சொல்லியிருக்கீங்க!"

"குடிமகனா இருந்த வரைக்கும் சொல்லியிருப்பேன்" என்றார் பொதுமக்கள். "இப்போ என் பதவிக்கு அது கீழ்வேலை சார். தட்டச் சொன்னாத் தட்டறேன்."

தலைவருக்கு இன்னொரு சங்கடமும் வந்து சேர்ந்தது. காலையிலிருந்து நிறையத் தேநீர் குடித்திருந்தார். கழிப்பறை கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. "இந்த விதியை எழுதினவன் தண்ணியே குடிக்காத ஆளா இருப்பான் போல" என்று காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றார்.

அப்போது மழை வந்தது. சொட்டுச் சொட்டாக ஆரம்பிக்கும் மரியாதையெல்லாம் அதற்கு இல்லை. ஒரேயடியாகக் கொட்டியது. மெத்தைக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"ஐயோ, என் பஞ்சு!"

கதவை நோக்கி ஓடினார். கதவுக்காரர் குறுக்கே நின்று, காதைக் குவித்துக் காட்டினார். அந்த வார்த்தை வேண்டும்.

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. ஓடி வந்து மெத்தைக்காரரின் கையைப் பிடித்தார். "பாருங்க தம்பி, எவ்வளவு சுலபம்! ஒரு வார்த்தை. கதவு திறக்கும். நீங்க ஓடிப்போய்ப் பஞ்சை மேல தூக்கி வெச்சுடலாம். நானும்... நானும் ஒரு பக்கம் ஓடிடுவேன். சொல்லுங்க!"

மெத்தைக்காரர் வாயைத் திறந்தார். கூரை வரை அடுக்கிய பஞ்சு கண் முன்னால் வந்தது. வாங்கிய கடன் வந்தது. 'திரு' வரைக்கும் வந்துவிட்டார்.

"என்னங்க!"

சன்னலுக்கு வெளியே, ஒரு பக்கம் கம்பி ஒடிந்த குடையின் கீழே, அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"தண்ணி தெரு நடுவுக்கு வந்துடுச்சு! பலகையெல்லாம் வெச்சு அடைச்சுட்டு வந்திருக்கேன். கொஞ்ச நேரம்தான் தாங்கும்!"

"இதோ சொல்லிட்டு வந்துடறேன்!"

"எதைச் சொல்லிட்டு?"

"திருப்தின்னு. அதைச் சொன்னாத்தான் விடுவாங்களாம்!"

"வந்து? வந்து என்ன செய்வீங்க? தண்ணியைக் குடிச்சுடுவீங்களா?" மழையைவிடச் சத்தமாக இருந்தது அவர் குரல். "இப்போ பொய் சொல்லிட்டு வந்தா, அடுத்த மழைக்கும் போய்ச் சொல்லணும். கேட்டதுக்குப் பதில் வாங்கிட்டு வாங்க! இல்லன்னா அங்கயே இருங்க!"

மெத்தைக்காரர் வாயை மூடிக்கொண்டார். மண்டபம் முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. தலைவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

நெருக்கடியில் மனித மூளை எப்படியெல்லாம் வேலை செய்யும் என்பதற்கு அடுத்து நடந்தது ஓர் உதாரணம். கணக்கு அதிகாரி திடீரென்று மேஜையைத் தட்டினார்.

"சபைன்னா என்ன? தலைவரோட மேஜை எங்க இருக்கோ, அதுதான் சபை. விதி அப்படித்தான் சொல்லுது. மேஜை வெளிய போனா சபையும் வெளிய போகுது. யாரும் சபையை விட்டுப் போகல!"

கதவுக்காரர் இதை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். "ஆள் போகல. சபை போகுது" என்று ஒத்துக்கொண்டு தாழ்ப்பாளை எடுத்தார்.

அப்படித்தான் அந்த ஊர் நகரசபை, சட்டத்துக்கு ஒரு குறையும் வராமல், மழைக்குள் இறங்கியது. ஆறு பேர் சேர்ந்து மேஜையைத் தூக்கினார்கள். சபை முதலில் கழிப்பறை வாசலில் சற்று நேரம் கூடியது; தலைவர் ஒரு முக்கியமான அலுவலை முடித்துக்கொண்டு, வேறு மனிதராகத் திரும்பி வந்தார். பிறகு சபை, மெத்தைக்காரருக்குத் திருப்தி வரவழைக்க, கடைத்தெரு வழியாக அவருடைய தெருவுக்குப் போனது. முன்னால் கணக்கு அதிகாரி, நடுவில் மேஜை, அதன் காலைப் பிடித்தபடி தலைவர், பின்னால் ஊழியர்கள், எல்லோருக்கும் கடைசியில் பொதுமக்கள் ஒற்றை ஆளாகத் திரண்டு வந்தார். மெத்தைக்காரரின் மனைவி ஒடிந்த குடையை உயர்த்தி வழிகாட்டினார்.

தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். மேஜையை நட்டுவைத்ததும் தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வடிகால் எங்கே?"

"அதைத்தாங்க நானும் கேட்டேன்" என்றார் மெத்தைக்காரர்.

நகரசபையிடம் மண்வெட்டிகள் இருந்தன. எல்லாம் அடிக்கல் நாட்டு விழாவுக்கானவை. வெள்ளி வர்ணம் பூசி, பிடியில் ரிப்பன் கட்டியவை. அவற்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். தலைவர் ஒன்றை வாங்கி, பழகிய கையால் அழகாக ஒரே ஒரு கட்டி மண்ணை வெட்டிப் போட்டார். அப்படியே நிமிர்ந்து, கேமரா இருக்கும் பக்கம் பார்த்துச் சிரித்தார். கேமரா இல்லை. மெத்தைக்காரரின் மனைவிதான் நின்றுகொண்டிருந்தார்.

"அடுத்தது?" என்றார் அவர்.

"அடுத்ததா? ஒண்ணுதாம்மா எப்பவும் வெட்டுவேன். மீதி தானா நடந்துடும்."

"எங்க தானா நடந்திருக்கு, காட்டுங்க பாப்போம்."

தலைவர் மண்வெட்டியைப் பார்த்தார். குனிந்து இரண்டாவது கட்டியை வெட்டினார். அவர் வாழ்க்கையில் அதுதான் இரண்டாவது கட்டி. மூன்றாவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

பிறகு எல்லோரும் இறங்கினார்கள். தெருக்காரர்கள் கடப்பாரையும் மண் சட்டியும் கொண்டுவந்து போட்டார்கள். கணக்கு அதிகாரி தன் பக்கத்தை நேர்கோட்டில் வெட்டினார். கோடு கோணினால் மூடிவிட்டு மறுபடி வெட்டினார். கவிதை வாசித்தவர் மண் சுமந்தார். அந்த வேலையில் அவரிடம் நல்ல சுருக்கம் இருந்தது. பொதுமக்கள் கொஞ்ச நேரம் ஓரத்தில் நின்று தட்டினார். கை ஈரமாக இருந்ததால் சத்தம் வரவில்லை. ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டார்.

மெத்தைக்காரர் கடைவாசலில் முழங்காலிட்டுப் பலகையைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது. இன்னும் ஒரு விரற்கடை ஏறினால் முடிந்தது கதை. திடீரென்று எங்கோ 'களக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு, இத்தனை காலமாகப் போக இடமில்லாமல்தான் உங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்தேன் என்பது போல, முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய்க்கால் வழியே சலசலவென்று ஓடத் தொடங்கியது.

மெத்தைக்காரர் உள்ளே ஓடிப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். மேலே தொட்டார், கீழே தொட்டார். எல்லாம் உலர்ந்து, இன்னும் ஒரு முறை தொடச் சொல்லும் மென்மையில் இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அவர் மனைவியும் சிரித்தார். சேறு அப்பிய நகரசபை முழுவதும் மெத்தைக்காரரைச் சுற்றிக் கூடியது.

"இப்போ வந்திருக்குமே?" என்றார் தலைவர். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"வந்துடுச்சுங்க!" என்றார் மெத்தைக்காரர். மார்பில் கை வைத்துக் காட்டினார். "இங்க, இப்படிச் சூடா இருக்கு. இதுதானே?" அவர் வாயைத் திறந்தார். கதவுக்காரர், கதவு எதுவும் இல்லாவிட்டாலும், கையைத் தயாராக வைத்துக்கொண்டார்.

தெருமுனையிலிருந்து ஒரு கூச்சல் வந்தது.

அடுத்த தெருவில் இஸ்திரி போடும் அம்மாள் கையில் துடைப்பத்துடன் வந்துகொண்டிருந்தார். "யாரு இங்க வாய்க்கால் வெட்டினது? தண்ணியெல்லாம் எங்க தெருவுக்கு வருது! ஊரு துணியெல்லாம் என் வீட்டுல இருக்கு, நனைஞ்சா யாரு பதில் சொல்றது?"

எல்லோரும் மெத்தைக்காரரைப் பார்த்தார்கள். தலைவரின் கண்களில் நீர் நின்றது, மழையாகவும் இருக்கலாம். மெத்தைக்காரர் வாயை மூடி, மார்பைத் தடவிப் பார்த்தார்.

"நீங்க வடிகால் வரி கட்டறீங்களாம்மா?"

"கட்டாம? அழகூட்டறதுக்குக்கூடக் கட்டியிருக்கேன்!"

மெத்தைக்காரர் தலைவரை நோக்கி, மிகுந்த பணிவோடு சொன்னார். "போயிடுச்சுங்க."

கணக்கு அதிகாரி மேஜையின் ஒரு முனையைப் பிடித்தார். மற்றவர்கள் மற்ற முனைகளைப் பிடித்தார்கள். சபை தெருமுனை திரும்பியது.

அடுத்த தெருவில் மண் இளகலாக இருந்தது. தலைவர் முன்னால் நின்று வெட்டினார். தலையிலிருந்து கால்வரை சேறு. கோட்டு எது, உடம்பு எது என்று தெரியவில்லை. ரிப்பன் மண்வெட்டி உடைந்துபோனதால் யாருடைய கடப்பாரையையோ வாங்கி வைத்திருந்தார். ஓங்கிப் போட்டு, நெம்பி எடுக்கும் விதம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. இஸ்திரி அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் போய், மனது கேட்காமல், உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"நல்லா வெட்டறீங்களே ஐயா. எந்தத் தெரு நீங்க?"

தலைவர் தண்ணீரைக் குடித்தார். தான் யார் என்று சொல்வதற்கு அவரிடம் ஒரு முழுப் பேச்சே தயாராக இருந்தது. அதன் முதல் வரி நினைவுக்கு வரவில்லை.

"இந்த ஊர்தாம்மா" என்றார்.

"அப்போ நீங்களும் வரி கட்டறவரா? வரியையும் கட்டிட்டு, வந்து நீங்களே வெட்டறீங்களா?" அந்த அம்மாளுக்குத் தாங்கவில்லை. "இப்படியா ஏமாளியா இருப்பீங்க! நாளைக்குக் காலையில நேரா நகரசபைக்குப் போங்க. அந்தத் தலைவரோட சட்டையைப் பிடிச்சு, காசையெல்லாம் என்னய்யா பண்ணினேன்னு கேளுங்க. சும்மா விடாதீங்க."

"கேக்கறேம்மா" என்றார் தலைவர். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடப்பாரையை ஓங்கினார்.